பார்வையிட்டவர்: தமிழ் நூலாக்கத்தில் கைப்பிரதித் திருத்தமும் திருத்துநரின் இடமும்

முன்னுரை

ஒரு நூலை எழுதி முடித்த ஆசிரியர், அதனை அச்சுக்கு அனுப்பும் முன் மொழிப்புலமை உடைய மற்றொருவரிடம் கொடுத்து, ஊதியம் அளித்துச் செம்மைப்படுத்திப் பெறுவது இன்று பரவலாகிவரும் வழக்கமாகும். பதிப்பகத்தின் பணியாளராக இல்லாமல் தனித்து இயங்கும் திருத்துநர்களை ஆசிரியர்களே நேரடியாக நாடுகின்றனர். இது ஆங்கிலப் பதிப்புலகிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த வழக்கம் என்னும் எண்ணம் நிலவுகிறது. பிறர் கை பட்ட எழுத்து முழுமையாக ஆசிரியருடையது ஆகாது என்னும் தயக்கமும் அதனுடன் சேர்ந்தே காணப்படுகிறது. தமிழ் அச்சு வரலாற்றை நோக்கினால் இவ்விரண்டும் மறு ஆய்வுக்கு உரியவை என்பது புலனாகும். கைப்பிரதியைப் பிறர் பார்வையிடும் வழக்கம் தமிழில் அச்சின் தொடக்கம் முதலே உண்டு. அதனைச் செய்தவரின் பெயர் முகப்புப் பக்கத்தில் இடம்பெற்ற காலமும் உண்டு. மறைந்துபோன காலமும் உண்டு. இப்பெயர் எப்பொழுது தோன்றியது, எதனால் மறைந்தது, அம்மறைவால் நேர்ந்த இழப்பு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சுக்கு முந்தைய மரபு

நூல் வெளிவரும் முன் தகுதியுடைய ஒருவர் அதனை ஆராய வேண்டும் என்னும் கருத்து தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்டது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. கம்பராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது வழிவழி வந்த செய்தி. நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என நன்னூல் பாயிரம் வகுத்துரைக்கிறது. சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல், சொன்னதையே மீண்டும் சொல்லுதல், முன்னுக்குப் பின் முரண்படச் சொல்லுதல் முதலாக அது காட்டும் குற்றங்கள், இன்றைய திருத்துநர் ஒருவர் கைப்பிரதியின் ஓரத்தில் குறித்து வைக்கும் குறைகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவை அல்ல.

ஆயினும் அரங்கேற்றமும் கைப்பிரதித் திருத்தமும் ஒன்றல்ல. அரங்கேற்றம் அவையில் பலர் முன்னிலையில் நிகழ்வது. முடிவுற்ற நூலே அங்கு வைக்கப்படுகிறது. தடை எழுப்புவோர் எழுப்புவர். ஆசிரியர் விடை கூறுவார். திருத்தமோ இருவருக்கு இடையே தனிமையில் நிகழ்வது. நூல் இன்னும் முடிவு பெறாத நிலையில் தொடங்குவது. முன்னதில் ஆய்வோர் நடுவர். பின்னதில் அவர் துணைவர். இத்துணைவர் என்னும் நிலையைத் தமிழில் உருவாக்கியது அச்சே எனலாம். ஏட்டில் நேர்ந்த பிழை அவ்வேட்டோடு நிற்கும். அடுத்துப் படியெடுப்பவர் அதனைத் திருத்தவும் கூடும். அச்சில் நேர்ந்த பிழையோ ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படிகளில் ஏறிவிடும். எனவே அச்சேறும் முன்பே பிழை களையும் ஒருவர் தேவைப்பட்டார்.

அச்சும் ஊதியப் புலமையும்

1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ ஒருவர் கை மட்டும் பட்ட நூலன்று. அண்டிரிக் அடிகளாருடன் மனுவேல் தெ சாம் பேத்ரு என்பவரும் அதன் மொழிபெயர்ப்பில் பங்குகொண்டார். தமிழைக் கற்று எழுதிய அயல்நாட்டவர்க்குத் தமிழ் அறிந்தாரின் துணை இன்றியமையாததாக இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் சமயப் பணியாளர்களிடம் முன்ஷிகளாகவும் பண்டிதர்களாகவும் பணிபுரிந்தோர் இத்துணையை ஊதியத்திற்குச் செய்தனர்.

1812ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. ஆங்கிலேய அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பிக்க ஏற்பட்ட இந்நிறுவனம் தமிழ்ப் புலவர்களை மாத ஊதியத்தில் அமர்த்தியது. முத்துசாமிப் பிள்ளை, தாண்டவராய முதலியார் போன்றோர் அதனோடு தொடர்புடையவர்கள். கற்பித்தலோடு, நூல்களை அச்சுக்கேற்பச் செம்மைப்படுத்துவதும் இத்தகைய புலவர்களின் பணியாயிற்று. புரவலரின் பரிசிலை நம்பி வாழ்ந்த புலமை, திங்கள்தோறும் ஊதியம் பெறும் தொழிலாக மாறியதன் தொடக்கங்களில் இதுவும் ஒன்றாகும்.

திருக்குறள் முதன்முதலாக அச்சேறியதும் அதே 1812இல்தான். தஞ்சை ஞானப்பிரகாசன் பதிப்பித்த அந்நூலில் மூலபாடத்தைப் பிழை நீக்கிச் சீர்செய்தவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர் என்னும் குறிப்பு இடம்பெற்றுள்ளது. நூலாசிரியர், அச்சிடுவித்தவர், பாடத்தைச் செம்மை செய்தவர் என மூவர் வேறு வேறாகக் காட்டப்பெறுவது இங்கே கவனத்திற்குரியது. மூன்றாமவரின் பெயரைச் சொல்லுவது நூலின் மதிப்பைக் குறைக்கும் என அன்று எவரும் கருதவில்லை. உயர்த்தும் என்றே கருதினர்.

பெர்சிவலும் நாவலரும்

உயிரோடிருக்கும் ஆசிரியர் ஒருவரின் எழுத்தை ஊதியம் பெற்றுச் செம்மைப்படுத்துவதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்தில் கிடைக்கிறது. வெஸ்லியன் சமயப் பணியாளரான பீட்டர் பெர்சிவல், 1840களில் விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தார். அவருடைய பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, அவர்க்குத் தமிழ்ப் பண்டிதராகவும் இருந்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). மொழிபெயர்ப்பின் தமிழ்நடையைச் சீர்செய்யும் பொறுப்பு நாவலரிடம் இருந்தது. இப்பணிக்காக அவர் பெர்சிவலுடன் சென்னைக்கும் சென்றார். அங்கு மழவை மகாலிங்கையர் மொழிபெயர்ப்பைப் பார்வையிட்டு அதன் நடையைப் பாராட்டினார் என்று நாவலர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். 1848இல் நாவலர் அப்பணியினின்றும் விலகிச் சைவக் கல்விப் பணியில் முழுமையாக ஈடுபட்டார். மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சிடப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் ஒரு முரண் உண்டு. நாவலர் உறுதியான சைவர். தாம் செம்மை செய்த நூலின் சமயத்தை ஏற்காதவர். பின்னாளில் அச்சமயப் பரப்பலைக் கடுமையாக எதிர்த்தவர். ஆயினும் அந்நூலின் தமிழ் பிழையற அமைய வேண்டும் என்பதில் அவர் தம் புலமையைச் செலுத்தினார். நூலின் பொருளுக்கு ஆசிரியரே பொறுப்பு. சொல்லின் செம்மைக்குத் திருத்துநர் பொறுப்பு என்னும் பிரிவினை இங்குத் தெளிவாக வெளிப்படுகிறது. பிறர் கருத்தைத் தம் கருத்தாக்காமலும், தம் கருத்தைப் பிறர் நூலில் புகுத்தாமலும் மொழியை மட்டும் சீர்செய்யும் தொழில் ஒழுக்கம் இது. அது எளிதன்று என்பதையும், நெடுநாள் தொடர முடியாமல் போகலாம் என்பதையும் 1848ஆம் ஆண்டு விலகல் உணர்த்துகிறது.

1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பெர்சிவலின் பெயரோடு இணைத்தே பேசப்பட்டது. அதில் நாவலர்க்கு இருந்த பங்கினை நிலைநிறுத்தியது த. கைலாசபிள்ளை போன்றோர் எழுதிய நாவலர் சரித்திரமும், அதன்வழி வந்த தமிழ் அறிஞர் நினைவுமே ஆகும்.

முகப்புப் பக்கம் தரும் சான்று

அதே நாவலரின் பெயர் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வேறு வகையில் இடம்பெறுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை 1868இல் வெளியிட்டார். அப்பதிப்பு ஆறுமுக நாவலரால் பரிசோதிக்கப்பட்டது என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. தாமோதரம் பிள்ளையும் பெர்சிவலோடு தொடர்புடையவரே. பெர்சிவல் சென்னையில் 1855இல் தொடங்கிய ‘தினவர்த்தமானி’ இதழின் பொறுப்பைப் பின்னர் ஏற்றவர் அவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். பெர்சிவல், தாமோதரம் பிள்ளை ஆகிய இருவர் பணியிலும் நாவலரின் புலமை பயன்பட்டுள்ளது. ஒன்றில் அவர் பெயர் பின்னணியில் நின்றது. மற்றொன்றில் முன்னணிக்கு வந்தது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் நூலின் நம்பகத்தன்மை எதனைச் சார்ந்து நின்றது என்பதே. விவிலிய மொழிபெயர்ப்பின் அதிகாரம் மூலமொழியையும் அதனை வெளியிட்ட சங்கத்தையும் சார்ந்தது. பண்டிதரின் பெயர் அங்குத் தேவைப்படவில்லை. தொல்காப்பிய உரையின் நம்பகமோ ஏட்டுப் பாடத்தை ஆராய்ந்தவரின் புலமையைச் சார்ந்தது. இளைய பதிப்பாளர் ஒருவரின் முயற்சிக்கு நாவலரின் பெயர் காப்பாக அமைந்தது. எனவே திருத்துநரின் பெயர் அச்சேறுவதும் மறைவதும் அவருடைய உழைப்பின் அளவைப் பொறுத்து அமைவதில்லை. அப்பெயரால் நூலுக்கு உண்டாகும் மதிப்பைப் பொறுத்தே அமைகின்றன எனக் கொள்ளலாம்.

1835ஆம் ஆண்டின் சட்டத்தால் அச்சகம் நடத்துவதில் இருந்த தடைகள் நீங்கியபின் தமிழ் நூல் வெளியீடு பெருகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களின் முகப்புப் பக்கங்கள் ஒரு நீண்ட வாக்கியமாக அமைவது வழக்கம். இன்னார் இயற்றிய நூல், இன்னார் வேண்டுகோளின்படி, இன்னாரால் பார்வையிடப்பட்டு, இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டது என்னும் முறையில் அது செல்லும். இவ்வாக்கியத்தின் வினைகள் நூலாக்கத் தொழிலின் உறவுகளைத் துல்லியமாகக் காட்டுகின்றன. ‘பார்வையிட்டு’ என்பது ஒருமுறை படித்து ஒப்புதல் அளித்ததையும் குறிக்கும், திருத்தியதையும் குறிக்கும். ‘பரிசோதித்து’ என்பது பல பிரதிகளை ஒப்புநோக்கி ஆராய்ந்ததையும், அச்சுத்தாளைச் சரிபார்த்ததையும் சுட்டும். ‘பரிசோதிப்பித்து’ என்னும் பிறவினை வடிவமோ, ஆராய்ந்தவர் ஒருவர், ஆராயச் செய்தவர் மற்றொருவர் என்னும் உறவை வெளிப்படுத்துகிறது. அப்பிறவினை விகுதியே பல இடங்களில் பணம் செலவிட்டவரைச் சுட்டி நிற்கிறது.

இச்சொற்களின் பொருள் எல்லை உறுதியாக வரையறுக்கப்படவில்லை என்பதும் உண்மையே. ஆயினும் எழுதியவர், திருத்தியவர், செலவிட்டவர், அச்சிட்டவர் என நால்வரை அடையாளம் காட்டும் அமைப்பு அதில் உண்டு. இன்று இவ்வினைகள் அனைத்தையும் ‘பதிப்பாசிரியர்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குகிறோம். சுவடிகளை ஒப்பிட்டுப் பழைய நூலின் பாடத்தை நிறுவிய உ. வே. சாமிநாதையரும் பதிப்பாசிரியர், பலர் கட்டுரைகளைத் தொகுத்தவரும் பதிப்பாசிரியர், உயிரோடிருக்கும் ஆசிரியரின் கைப்பிரதியைச் செம்மைப்படுத்துபவரும் சில இடங்களில் பதிப்பாசிரியர் என்றே குறிக்கப்படுகிறார். தொழில்கள் வேறாக இருக்கப் பெயர் ஒன்றாக இருப்பதனால், மூன்றாமவரின் பணியைத் தனியே எண்ணிப் பார்க்கும் வாய்ப்பு குறைந்துபோயிற்று.

பெயர் மறைந்த காலம்

இருபதாம் நூற்றாண்டில் முகப்புப் பக்கம் சுருங்கியது. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பகத்தின் பெயர் ஆகிய மூன்றே எஞ்சின. இதற்குக் காரணங்கள் சில உள. முதலாவது, உரைநடை இலக்கியத்தின் எழுச்சி. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தொடங்கி வளர்ந்த புதின வகையில், நூலின் மதிப்பு ஆசிரியரின் தனித்தன்மையைச் சார்ந்தது. அங்கு மற்றொரு புலவரின் ஒப்புதல் தேவைப்படவில்லை. அது தெரிவது ஆசிரியர்க்குக் குறைவு என்னும் எண்ணமும் ஏற்பட்டது.

இரண்டாவது, இதழ்களின் செல்வாக்கு. தொடர்களாக வெளிவந்த படைப்புகளே பெரும்பாலும் நூல்களாயின. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்ததும், உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் வெளிவந்ததும் யாவரும் அறிந்தவை. இதழில் ஒருமுறை அச்சேறிய எழுத்து, நூலாகும்போது மீண்டும் செம்மைப்படுத்தப்பட வேண்டியதில்லை என்ற கருத்து இதனால் வலுப்பெற்றிருத்தல் கூடும்.

மூன்றாவது, மெய்ப்புத் திருத்தமும் கைப்பிரதித் திருத்தமும் ஒன்றெனக் கொள்ளப்பட்டமை. மெய்ப்புத் திருத்துநர் கைப்பிரதிக்கும் அச்சுக்கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்பவர். கைப்பிரதியிலேயே உள்ள குழப்பத்தைக் களைவது அவர் பணியன்று. ஈய எழுத்துகளைக் கோத்த பின் ஒரு பத்தியை மாற்றுவது செலவும் காலமும் பிடிக்கும் வேலை. எனவே கருத்தமைப்பில் உள்ள குறைகள் அவ்வாறே அச்சேறின. ‘நூல் வெளிவரும் முன் யாரேனும் படித்தார்களா?’ என்னும் வினாவுக்கு ‘மெய்ப்புப் பார்த்தாயிற்று’ என்னும் விடையே போதுமானதாயிற்று.

செம்மையாக்கத்தின் மறுவரவு

இந்நிலையில் மாற்றத்தை ஏற்படுத்தியவற்றுள் 1974இல் எஸ். ராமகிருஷ்ணன் நிறுவிய க்ரியா பதிப்பகம் முதன்மையானது. கைப்பிரதியை ஆசிரியரோடு அமர்ந்து வரிவரியாக விவாதித்துச் செம்மைப்படுத்துவதை அப்பதிப்பகம் தன் நடைமுறையாக்கியது. 1994இல் வெளிவந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ இம்முறையில் உருவான நூல்களுள் ஒன்று. அச்செம்மையாக்கத்தால் தாம் பெற்ற பயனை இமையம் பலமுறை வெளிப்படையாகக் கூறியுள்ளார். 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’யும், மொழி அறக்கட்டளை உருவாக்கிய ‘தமிழ் நடைக் கையேடு’ம் இத்தொழிலுக்கு வேண்டிய கருவிகளாயின. சொற்களைச் சேர்த்தும் பிரித்தும் எழுதுதல், நிறுத்தக்குறிகள், ஒருசீர்மை ஆகியவற்றில் திருத்துநர் தம் விருப்பத்தைச் சொல்லாமல், பொதுவான ஓர் அளவுகோலைச் சுட்டிக்காட்ட இவை வழி செய்தன. ராமகிருஷ்ணன் 2020இல் மறைந்தார்.

நாகர்கோவிலைச் சேர்ந்த எம். எஸ். என்னும் எம். சிவசுப்பிரமணியன் (மறைவு 2017) மற்றொரு வகைக்கு எடுத்துக்காட்டு. மொழிபெயர்ப்பாளராகவும் அறியப்பட்ட அவர், எழுத்தாளர் பலரின் கைப்பிரதிகளைப் படித்துச் சீர்செய்து தந்தவர். அவருடைய பணியைப் பெரிதும் எழுத்தாளர்களே நன்றியுடன் பதிவு செய்துள்ளனர். நூல்களின் முகப்பைக் கொண்டு மட்டும் அவருடைய பங்கை அளவிட இயலாது. நாவலர்க்கு 1850இல் நேர்ந்தது போலவே, இங்கும் நினைவே சான்றாகிறது. நினைவைச் சார்ந்த சான்று ஒரு தலைமுறையோடு மங்கிவிடக் கூடியது.

கணினி அச்சுக்கோப்பு பரவியபின் நிலைமை மேலும் மாறியது. நூல் வெளியிடுதல் எளிதாயிற்று; ஆசிரியரே செலவிட்டு வெளியிடும் வழியும் விரிந்தது. பதிப்பகம் செய்ய வேண்டிய செம்மையாக்கம் ஆசிரியரின் பொறுப்பாயிற்று. அதனால் தனித்து இயங்கும் திருத்துநரின் தேவை கூடியது. சென்னையில் 1977 முதல் நடைபெற்று வரும் புத்தகக் காட்சியை ஒட்டி நூல்களை விரைந்து முடிக்கும் வழக்கமோ, செம்மையாக்கத்திற்குரிய காலத்தையே பெரிதும் குறைத்துவிடுகிறது.

எல்லையும் இசைவும்

திருத்தம் எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதே இத்துறையின் அடிப்படைச் சிக்கல். இதற்குப் பழைய நூற்பதிப்பு வரலாறு ஒரு படிப்பினையைத் தருகிறது. உ. வே. சாமிநாதையர் மூலபாடத்தோடு வேறுபடும் பாடங்களையும் அடிக்குறிப்பில் காட்டினார். படிப்பவர் தாமே முடிவு செய்ய அது இடம் தந்தது. டி. கே. சிதம்பரநாத முதலியாரோ கம்பரின் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என ஒதுக்கியும் சில இடங்களில் சொற்களை மாற்றியும் தம் பதிப்பை அமைத்தார். அது கடும் விமரிசனத்திற்கு உள்ளாயிற்று. அவருடைய சுவையுணர்வு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. குறை அவ்வுணர்வில் இல்லை. மறுத்துச் சொல்ல ஆசிரியர் இல்லாத இடத்தில் அது செயற்பட்டதே சிக்கலாயிற்று.

உயிரோடிருக்கும் ஆசிரியரின் கைப்பிரதியில் இச்சிக்கலுக்குத் தீர்வு உண்டு. ஒவ்வொரு மாற்றமும் அவர் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவரால் ஏற்கவோ மறுக்கவோ படுமானால் நூல் அவருடையதாகவே நிற்கும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 57இன் வழியாக, தம் படைப்பைத் தமது என உரிமை கோரவும் அதன் சிதைவைத் தடுக்கவும் ஆசிரியர்க்கு வழிவகுக்கிறது. திருத்துநர்க்கென இத்தகைய தனியுரிமை வகுக்கப்படவில்லை. ஆகவே அவருடைய ஊதியம், பெயர்க்குறிப்பு, பணியின் எல்லை ஆகியன இருவரும் செய்துகொள்ளும் உடன்பாட்டையே சார்ந்துள்ளன. பிழைதிருத்தம், நடைச்செம்மை, அமைப்பு மாற்றம் ஆகிய மூன்றும் வெவ்வேறு பணிகள். எது வேண்டப்படுகிறது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுத்துக் கொள்ளாமையே பிற்காலப் பிணக்குகளுக்கு வழியாகும்.

ஆய்வேடுகளைப் பொறுத்தவரை இவ்வெல்லை மேலும் கூர்மையாகிறது. கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்டது. ஆய்வாளரின் முடிவுகளை மாற்றாமல் மொழியை மட்டும் சீர்செய்வது அவர்க்குத் துணை; முடிவுகளையே எழுதித் தருவது வஞ்சனை. இரண்டும் மறைவாகவே நிகழும் சூழலில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. நேர்மையான துணையைப் பெயர் சுட்டி நன்றி கூறும் வழக்கம் நிலைபெறுமானால், மறைக்க வேண்டிய துணை எது என்பது தானே வெளிப்படும்.

முடிவுரை

கைப்பிரதியைப் பிறரிடம் கொடுத்துச் செம்மைப்படுத்துவது தமிழுக்குப் புதிதன்று. ஊதியம் பெற்ற திருத்துநர் தமிழ் அச்சோடு தோன்றியவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அவரை ‘பார்வையிட்டவர்’ எனவும் ‘பரிசோதித்தவர்’ எனவும் முகப்பிலேயே அறிவித்தது. நூலுக்கு நம்பகம் சேர்த்த இடத்தில் அவர் பெயர் நின்றது. ஆசிரியரின் பெயரே நம்பகமாகிய இடத்தில் அது மறைந்தது. மறைவால் இழப்பு இருவர்க்கும் உண்டு. திருத்துநர் தம் உழைப்பிற்குரிய சான்றை இழந்தார். படிப்பவர், நூலில் உள்ள செம்மைக்கும் சிதைவுக்கும் யார் பொறுப்பு என்று அறியும் வாய்ப்பை இழந்தார்.

பழைய முகப்புப் பக்கத்தின் நீண்ட வாக்கியத்தை இன்று அப்படியே மீட்க வேண்டுவதில்லை. நூலின் வெளியீட்டு விவரப் பக்கத்தில் அட்டை வடிவமைத்தவர், அச்சிட்டவர் ஆகியோரின் பெயர்களுக்கு இடம் இருக்கிறது. அவற்றோடு ‘கைப்பிரதியைப் பார்வையிட்டவர்’ என்று ஒரு வரி சேர்ப்பது அரிதன்று. அம்பலவாணக் கவிராயர்க்கு 1812இல் கிடைத்த அவ்வொரு வரியே, இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர் செய்த பணியை அறிய உதவுகிறது.